ஒக்கோனோமியாக்கி கலவை மாவு: மூன்று பாக்கெட் வாங்கிய பிறகு

மூன்று பாக்கெட் மாவு வாங்கிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். முதல் பாக்கெட்டோடு எழுதியிருந்தால் புகழ்ந்திருப்பேன். இரண்டாவதோடு எழுதியிருந்தால் கோபத்தில் திட்டியிருப்பேன். மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு பொருளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது எனக்கு ஆகாது.

ஒக்கோனோமியாக்கி என்பது முட்டைக்கோஸை அள்ளிப் போட்டுச் சுடும் ஜப்பானிய அடை. ‘ஒக்கோனோமி’ என்றால் உங்கள் விருப்பப்படி, ‘யாக்கி’ என்றால் சுட்டது. ஒசாக்கா பக்கத்தில் எல்லாவற்றையும் மாவோடு கலந்து சுடுவார்கள். ஹிரோஷிமாவில் மெல்லிய மாவின் மேல் முட்டைக்கோஸ், நூடுல்ஸ், முட்டை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். வீட்டு அடுப்புக்கு ஒசாக்கா முறைதான் தோது; இங்கே நான் சொல்வதெல்லாம் அதைப் பற்றித்தான்.

முதன்முதலில் இதைச் சாப்பிட்டது எஸ்பிளனேட் திடலில், ஆண்டுதோறும் நடக்கும் போன் ஒடோரி என்னும் ஜப்பானிய நடன விழாவில். மகளுக்கு அப்போது ஆறு வயது. தட்டைக் கையில் வாங்கியதும், அடையின் மேல் தூவியிருந்த மீன் சீவல்கள் ஆவியில் நெளிந்து ஆடத் தொடங்கின. “அம்மா, இது உயிரோடு இருக்கிறது” என்று சொல்லி என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அந்தச் சீவலுக்குக் கட்சுவோபுஷி என்று பெயர். வாயில் போட்டதும் எனக்கு என் பாட்டியின் சமையலறை நினைவுக்கு வந்துவிட்டது. தொண்டிப் பக்கத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர் அவர். மண்பானையில் மாசிக்கருவாடு வைத்திருப்பார். கல்லில் தட்டிச் சம்பலில் போடுவார். பல ஆண்டுகள் கழித்துத்தான் இரண்டும் ஒரே மீன் என்று தெரிந்துகொண்டேன். சூரை மீனை அவித்து, புகையிட்டு, கட்டையாகும் வரை காயவைத்தால் அங்கே கட்சுவோபுஷி, நம் பக்கத்தில் மாசி. அந்த ருசியைப் பாட்டியிடமே கற்றுக்கொண்டிருந்ததால்தானோ என்னவோ, எனக்கு இந்த அடை ஒருநாளும் அந்நியமாகப் படவில்லை.

இனி மாவு. முதல் பாக்கெட்டைக் குயின்ஸ்பே மாலில் இருக்கும் ஏயோன் பேரங்காடியில், ஜப்பானியப் பொருள்கள் அடுக்கியிருக்கும் பகுதியில் வாங்கினேன். 500 கிராம், 17 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) 90 காசு. கோதுமை மாவு, கிழங்குத் தூள், மீன் தூள், கடற்பாசித் தூள், உப்பு, சர்க்கரை, மாவை உப்ப வைக்கும் சோடாத் தூள் ஆகியவை அதில் இருந்தன. தண்ணீர், முட்டை, முட்டைக்கோஸ் சேர்த்தால் போதும் என்று பாக்கெட்டின் பின்புறத்தில் படம் போட்டிருந்தார்கள். சொன்னபடி செய்தேன், சொன்னபடி வந்தது. அன்று இரவு வீட்டில் நான்கு பேரும் மறுபடி கேட்டுச் சாப்பிட்டார்கள்.

இரண்டாவது பாக்கெட்டை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். நான்கு வெள்ளி மலிவு. வந்த பாக்கெட்டின் மேல் இறக்குமதி ஒட்டுத்தாளைச் சரியாகத் தேதியின் மேல் ஒட்டியிருந்தார்கள். வெந்நீர்த் துணி வைத்து மெதுவாக உரித்துப் பார்த்தேன். ஜப்பானியர்கள் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் போடுவார்கள். நாம் நாளை முதலில் படித்துப் பழகியவர்கள், 24.10.25 என்று இருந்தால் 2025 அக்டோபர் 24 என்று எடுத்துக்கொள்வோம். அது 2024 அக்டோபர் 25. தொழிற்சாலையில் சரக்குப் பெட்டிகளில் தினமும் பார்த்த வரிசை என்பதால் எனக்கு உடனே விளங்கிவிட்டது: நல்ல ருசியோடு இருக்கும் காலம் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாவு கட்டிகட்டியாக இருந்தது. மூக்கில் பழைய கருவாட்டு நெடி அடித்தது. படம் எடுத்து அனுப்பியும் விற்றவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. அப்படியே குப்பையில் போட்டேன். ஜப்பானிய மாவை நேரில் பார்த்து, தேதியைத் தடவிப் பார்த்து வாங்குங்கள். நான்கு வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் 14 வெள்ளி போயிற்று.

மூன்றாவது பாக்கெட்டை வாங்கியது சோதனைக்காகவே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று கிண்ணம் வைத்தேன். முதல் கிண்ணத்தில் கலவை மாவும் தண்ணீரும். இரண்டாவதில் சாதாரணக் கோதுமை மாவு, நெத்திலி வேகவைத்து இறுத்த நீர், ஒரு சிட்டிகை சோடாத் தூள், பச்சையாகத் துருவிய கிழங்கு. மூன்றாவதில் அதே மாவும் நெத்திலி நீரும் மட்டும், கிழங்கு இல்லாமல். ஒவ்வொன்றிலும் மாவு 50 கிராம், நீர் 50 மில்லி, முட்டைக்கோஸ் 150 கிராம், முட்டை ஒன்று. ஒரே தோசைக்கல், ஒரே தீ. எது எது என்று சொல்லாமல் கணவருக்கும் மகளுக்கும் அத்தைக்கும் கொடுத்தேன்.

மூன்றாவது கிண்ணத்து அடையை எல்லாரும் ஒதுக்கினார்கள். ஆறிய கோதுமை தோசைபோல் இழுத்தது. கலவை மாவில் சுட்டது நன்றாக உப்பி, வாசமாக, வெட்டினால் நறுக்கென்று நின்றது. ஆனால் உப்பு தூக்கலாக இருந்தது, சாப்பிட்டு முடித்தபின் நாக்கில் ஒரு சுவையூட்டிப் பசை ஒட்டிக்கொண்டே இருந்தது. பச்சைக் கிழங்கு போட்டது உள்ளே நெகிழ்ந்து, பஞ்சாக, முட்டைக்கோஸின் இனிப்பு தெரியும்படி வந்தது. அத்தை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “இவ்வளவு தடியாக இருக்கிறது, வயிற்றில் கனமே தெரியவில்லையே அம்மா” என்றார். மகளும் அதைத்தான் எடுத்தாள். கணவர் மட்டும் பாக்கெட் மாவுக்கு ஓட்டுப் போட்டார். ஒன்று சொல்ல வேண்டும்: அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது பாக்கெட் மாவு அடை அப்படியே நின்றது, கிழங்கு அடை சற்று அமுங்கியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கட்டிக் கொடுப்பதென்றால் பாக்கெட் மாவு கைகொடுக்கும்.

அந்தக் கிழங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கலவை மாவில் இருப்பதும் அதன் காய்ந்த தூள்தான். ஜப்பானில் நாகாயிமோ என்பார்கள். நம் பெருவள்ளிக் கிழங்குக்கு உறவு. அதையே சீனர்கள் ஹுவாய் சான் என்று சொல்லி சூப்பில் போடுகிறார்கள். சீன மருந்துக் கடையில் காய்ந்த வில்லையாகக் கிடைக்கும்; பச்சைக் கிழங்கு பாயான் பாரு சந்தையில் காய்கறிக் கடையில் மரத்தூள் அப்பிக் கோல் கோலாகக் கிடக்கும். அதே கிழங்குதான் ஜப்பானிய அடையிலும் போகிறது என்று நான் சொன்னபோது, எனக்கு ஆண்டுக்கணக்கில் காய்கறி விற்கும் சீன அம்மாவுக்கே வியப்பு. ஒரு சாண் துண்டு நான்கு வெள்ளி. நான்கு அடைக்குத் தாராளம்.

தோல் சீவித் துருவினால் வெண்டைக்காயைவிடப் பலமடங்கு வழுவழுப்பு வரும். அந்த வழுவழுப்புதான் காற்றைப் பிடித்து வைத்து அடையைப் பஞ்சாக்குகிறது. தோலுக்கடியில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களால் சிலருக்குக் கை அரிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அரித்தால் காடி நீரில் கழுவுங்கள். மாவும் முட்டையும் இருப்பதால் அடையின் நடுவும் முழுதாக வேக வேண்டும்; இந்தக் கிழங்கை மட்டும் பச்சையாகவே சாப்பிடலாம். அதற்காகக் கருணைக்கிழங்கையோ வேறு கிழங்கையோ பதிலுக்குத் துருவிப் போட்டுவிடாதீர்கள். தொண்டை பிடித்துக்கொள்ளும்.

முட்டைக்கோஸில்தான் பாதி அடை. கேமரன் மலையிலிருந்து வரும் முட்டைக்கோஸ் நல்ல இறுக்கம், இலை தடிமன். ஜப்பானியக் கோஸ் இதைவிட மெல்லியது. அதனால் நடு நரம்பை வெட்டி எடுத்துவிட்டு, நூலாக அரிந்து, பிறகு குறுக்கேயும் நறுக்குவேன். நீளமாக விட்டால் அடையைத் திருப்பும்போது விளிம்பில் பிய்ந்து தொங்கும். கழுவியபின் துணியில் பரப்பி ஈரம் போகும்வரை விட வேண்டும். உப்புப் போட்டுப் பிசைந்து பிழியவே கூடாது.

மாவையும் நெத்திலி நீரையும் முதலில் கரைத்து அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். முட்டைக்கோஸையும் முட்டையையும் கல் சூடான பிறகுதான் சேர்க்க வேண்டும், அதுவும் ஓர் அடைக்கு ஒரு கிண்ணம் என்று தனித்தனியாக. எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் ஒன்றாகக் கலந்து வைத்தால் மூன்றாவது அடைக்கு வரும்போது கோஸ் தண்ணீர் விட்டுக் குழம்பாகிவிடும். இதை யாரும் பாக்கெட்டில் எழுதுவதில்லை. கலக்கும்போது அடிக்காமல், அடியிலிருந்து வாரி மேலே போட்டுப் போட்டு, காற்று உள்ளே போகும்படி பத்துப் பதினைந்து முறை. அவ்வளவுதான்.

இரும்புத் தோசைக்கல்லே போதும். மிதமான தீ, இரண்டு தேக்கரண்டி எண்ணெய். மாவை நடுவில் கொட்டி இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு வட்டமாக ஒதுக்கிவிடுங்கள்; தோசைபோல் தேய்க்கக் கூடாது. ஜப்பானில் மேலே பன்றி இறைச்சியின் மெல்லிய துண்டுகளை வைப்பது வழக்கம். எங்கள் வீட்டில் இறால். மூன்று நிமிடம் கழித்து இரண்டு தோசைத் திருப்பிகளால் இருபுறமும் பிடித்துத் திருப்பி, மூடி போட்டு ஐந்து நிமிடம், மறுபடி திருப்பி மூடியில்லாமல் இரண்டு நிமிடம். அடை சுட்டுப் பழகிய நம் கை திருப்பியவுடன் தட்டி அழுத்தப் பார்க்கும். அழுத்தாதீர்கள். கிழங்கு பிடித்து வைத்த காற்றெல்லாம் அந்த ஒரு தட்டில் போய்விடும். ஒரு பேரங்காடி உணவகத்தில் 28 வெள்ளி கொடுத்து வாங்கிய ஒக்கோனோமியாக்கியை என் கண்ணெதிரே அப்படி அழுத்திக் கொடுத்தார்கள். வெளியே கருகல், உள்ளே மாவு.

மொறுமொறுப்புக்கு அவர்கள் தென்கசு என்று ஒன்று சேர்ப்பார்கள். தெம்புரா பொரிக்கும்போது எண்ணெயில் உதிர்ந்து பொரியும் மாவுத் துணுக்குகள். சின்னப் பாக்கெட் எட்டு வெள்ளி. பஜ்ஜி சுடும் வீட்டில் அதைக் காசு கொடுத்து வாங்குவானேன்? கோதுமை மாவைத் தண்ணீராகக் கரைத்துக் கரண்டித் துளை வழியே எண்ணெயில் சொட்டவிட்டால் ஐந்து நிமிடத்தில் ஒரு டப்பா நிறையும். சிவப்பு இஞ்சி ஊறுகாயை மட்டும் ஒருமுறையாவது வாங்கிப் பாருங்கள். சுஷியோடு கொடுக்கும் இளஞ்சிவப்பு இஞ்சி வில்லை வேறு, அது இனிக்கும். இது உமே பழக் காடியில் ஊறியது, நூலாக அரிந்திருக்கும், உப்பும் புளிப்புமாக நாக்கைச் சுண்டும். கிடைக்காத நாளில் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த நம் இஞ்சியை அரிந்து போடுவேன்; குறையொன்றும் தெரியாது.

சாஸ் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தக்காளி சாஸ், சோயா சாஸ், சர்க்கரை, வொர்செஸ்டர் சாஸ் எல்லாம் கலந்து வீட்டிலேயே செய்யலாம் என்று பலர் சொல்வதைக் கேட்டு நான்கு விதமாகக் கலந்து பார்த்தேன். நான்கிலும் தக்காளிதான் முன்னே வந்து நின்றது. ஹிரோஷிமாவின் ஒட்டாஃபுகு நிறுவனம் இந்த அடைக்கென்றே 1952இல் ஒரு சாஸைக் கொண்டுவந்தது. அதுவரை ஊற்றிக்கொண்டிருந்த வொர்செஸ்டர் சாஸ் தண்ணீராக இருந்ததால் அடையில் நிற்காமல் கல்லில் வழிந்து ஓடியதாம். அந்தக் குறைக்குத் தீர்வாக வந்ததுதான் இந்தக் கெட்டிச் சாஸ். அதில் பேரீச்சம்பழம் சேர்கிறது. அந்த ஆழமான இனிப்பும் பளபளப்பும் அதனால்தான் வருகிறது என்பது என் கணிப்பு. சர்க்கரையை எவ்வளவு கூட்டினாலும் அது வரவில்லை. நிறுவனம் மலேசியாவிலும் ஹலால் சாஸ் தயாரிப்பதால் எங்கள் அடுக்குமாடியின் முஸ்லிம் தோழிகளும் தயங்காமல் சாப்பிடுகிறார்கள். ஒரு புட்டி 15 வெள்ளி. மேலே கோடு கோடாக இழுக்கும் மயோனைசுக்குக் கியூபி என்ற ஜப்பானிய நிறுவனத்துடையது. முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் வைத்துச் செய்வது அவர்கள் வழக்கம், அதனால் சுவை கெட்டியாக இருக்கும். சாஸை அடுப்பை அணைத்த பிறகு தடவுங்கள். கல்லில் சிந்தினால் சர்க்கரை கருகித் தேய்த்தெடுக்கப் பாடாகிவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. கலவை மாவில் மீன் தூள் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? பாக்கெட்டின் முன்புறத்தில் முட்டைக்கோஸ் படம்தான் பெரிதாக இருக்கும். பார்த்தால் சைவம் என்றே தோன்றும். புரட்டாசி மாதத்தில் எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி தெரியாமல் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, பிறகு படித்துப் பார்த்து அழுதேவிட்டாள். இந்த வகைச் சாஸ்களிலும் சிப்பிச் சாறு, மீன் சாறு சேர்ப்பதுண்டு. பின்புறத்து எழுத்தை ஒன்றுவிடாமல் படியுங்கள், புரியாவிட்டால் கடைக்காரரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அத்தை வெள்ளிக்கிழமை முட்டையும் தொடமாட்டார். அவருக்காக நான் கண்டுபிடித்த வழி உளுந்து. கால் கிண்ணம் உளுந்தை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடைக்கு அரைப்பதுபோல் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொங்கப் பொங்க அரைத்து, கோதுமை மாவுக் கரைசலோடு சேர்க்கிறேன். கிழங்கு செய்யும் வேலையையும் முட்டை செய்யும் வேலையையும் உளுந்து ஒன்றே செய்துவிடுகிறது. நெத்திலி நீருக்குப் பதில், கொம்பு என்னும் கடற்பாசித் துண்டும் காய்ந்த சீனக் காளான் இரண்டும் இரவில் ஊறவைத்த நீர். ஜப்பானியக் கோயில் சமையலிலும் இந்த இரண்டையும்தான் மீனுக்குப் பதிலாக வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அடைக்கு மயோனைசும் இல்லை, மீன் சீவலும் இல்லை. எள் தூவிக் கொடுத்தால் அத்தை இரண்டு சாப்பிடுகிறார்.

பிரித்த பாக்கெட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்தக் கலவை மாவைப் பிரித்து அலமாரியில் வைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் பெருகும். மீன் தூளும் மற்றச் சுவைப்பொருள்களும் கலந்திருப்பதால் வெறும் கோதுமை மாவைவிட இதில் அவற்றுக்குக் கொண்டாட்டம். அப்படிப்பட்ட மாவில் சுட்டதைச் சாப்பிட்டுக் கடுமையான ஒவ்வாமை வந்து மூச்சுத் திணறியவர்களைப் பற்றி ஜப்பானிய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். சுட்டாலும் ஒவ்வாமைப் பொருள் போவதில்லை. பினாங்கு வெக்கையிலும் ஈரத்திலும் இதை அசட்டையாக விடக்கூடாது. தூசி ஒவ்வாமையோ இளைப்போ இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். பிரித்த அன்றே காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். சாஸும் இறாலும் தவிர்த்து, பாக்கெட் மாவில் ஓர் அடைக்கு மாவுச் செலவு மட்டும் 1 வெள்ளி 80 காசு வருகிறது. சாதாரண மாவும் பச்சைக் கிழங்கும் நெத்திலியும் சேர்த்தால் ஓர் அடைக்கு 1 வெள்ளி 40 காசு. 40 காசு ஒரு வித்தியாசமே இல்லை. நான் பாக்கெட்டை விட்டது உப்புக்காகவும் ருசிக்காகவும்தான். சந்தைக்குப் போக நேரமும், துருவக் கையும் இருக்கிறவர்கள் கிழங்கை வாங்குங்கள்.

மூன்றாவது பாக்கெட்டில் இன்னும் 200 கிராம் குளிர்பெட்டியில் இருக்கிறது. மகள் கோலாலம்பூரில் வாடகை அறையில் இருக்கிறாள். ஒற்றை அடுப்பு, வேலை முடிந்து வர இரவு எட்டு மணி ஆகிவிடும். அவளுக்கு அந்த மாவு சரியாக இருக்கும். இந்தச் சனிக்கிழமை பஸ் ஏறும்போது, இறுக மூடும் டப்பாவில் போட்டு, பிரித்த தேதியை மூடியின் மேல் எழுதிக் கொடுத்து அனுப்பப் போகிறேன். சாஸ் புட்டி புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அதுவும் அவளுக்குத்தான்.